எதையும் விடாத மென்பொருள்

"இலவசமாக் கிடைக்கிற ஆன்டிவைரஸே போதும் சார். ஃபயர்வால் கணினியிலேயே இருக்கு, ஆன் பண்ணி விட்டாப் போதும்."

கணினி பழுதுபார்ப்பவர் இப்படிச் சொன்னதும், அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என் பொண்ணைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. கண்ட லிங்க்கையும் தொடுவா. எவன் எவனோ வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கறான். எதையும் விடாததாப் போடுங்க."

"அப்படி ஒண்ணு இருக்கு. ஆனா எதைக் கண்டாலும் அலறும்."

"அலறட்டும். தெருவுக்கே கேக்கட்டும்!"

"நான் எதையும் தொடலைப்பா. கணினி மெதுவாத்தான் ஆச்சு" என்றாள், கதவோரம் நின்ற மகள்.

"சும்மாவா மெதுவாகும்? ஒண்ணே ஒண்ணு மாட்டட்டும், இதைத் தூக்கி என் அறையில வெச்சுப் பூட்டிடுவேன்."

"நாளைக்கு இதுலதான்பா எனக்கு இன்டர்வியூ."

"அதை முன்னாடியே யோசிச்சிருக்கணும்."

பிறர் அந்தரங்கத்தைத் திருடுவோரின் ஈனத்தனம் குறித்து அவர் ஆற்றத் தொடங்கிய பேருரை, மென்பொருள் நிறுவி முடியும்வரை நீண்டது. இத்தகைய உரைகளைக் கேட்ட பின்னும் திருந்தாத உலகத்தை என்னவென்று சொல்வது!

சோதனை தொடங்கியது. திரையில் பச்சைக் கோடு மெல்ல ஊர்ந்தது. பாதி தூரத்தில் சிவந்து, அலறியது.

"பாத்தியா! சொன்னேனா இல்லையா?" அப்பா துள்ளி எழுந்தார். பரீட்சையில் முதலிடம் பெற்ற பிள்ளையின் முகத்தில்கூட அத்தனை பூரிப்பைக் காண முடியாது.

மகளின் கண்கள் நிறைந்தன.

பழுதுபார்ப்பவர் திரையை உற்றுப் பார்த்தார்.

"இது இணையத்துல இருந்து வந்ததில்ல சார். யாரோ இங்கேயே உக்காந்து போட்டிருக்காங்க. பாப்பா அடிக்கிற ஒவ்வொரு எழுத்தையும் ஒரு மின்னஞ்சலுக்கு அனுப்புது. அதான் கணினி மெதுவாயிருக்கு. யாரு முகவரின்னு பாக்கட்டுமா?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப? உங்களுக்கு வேற வேலை இருக்குமே..." பேருரை ஆற்றியவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.

"சரி, அழிச்சிடட்டுமா?"

அப்பா மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"வேணாம், விட்டுடுங்க அண்ணா" என்றாள் மகள். "அப்பா போட்டதுதான். எனக்கு ரொம்ப நாளாத் தெரியும். அதை எடுத்துட்டா, என்னைப் பத்தி என்கிட்டயே கேக்க வேண்டி வரும். பாவம், அவருக்கு அது பழக்கமில்ல."