ஒஹையோவை உலுக்கிய மூன்று நிமிடம்

நல்ல பேச்சு ஒன்று சரித்திரத்தையே திருப்பிப் போடும். எங்கள் ஒஹையோ ஊரில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கொடுத்த நேரம் மூன்று நிமிடம்.

வரிப்பணத்தில் தனியார் நடத்தும் சார்ட்டர் பள்ளி ஒன்று, எங்கள் அரசுப் பள்ளியின் கட்டடத்தைக் கேட்டது. அன்று கல்விக் குழுவில் வாக்கெடுப்பு.

"கணக்கே காட்டாத பள்ளிக்குக் கட்டடமா?" என்று முழங்கினேன். கட்டடத்தைக் கொடுக்கக் கூடாது என்று வந்திருந்த எங்கள் அணியில் ஒருவரும் கைதட்டவில்லை, முறைத்தார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசி வாக்கு தலைவி ஹென்ரியட்டாவுடையது. "கொடுக்க முடியாது" என்றார். பள்ளி பிழைத்தது.

வாசலில் அவரை மடக்கினேன். "என் பேச்சுதானே மேடம் உங்க மனச மாத்திச்சு?"

"பேச்சா? பாதி புரியலப்பா. சிவப்புச் சட்டை போட்ட அரசுப் பள்ளிக்காரங்க எப்பவும் எதிர்ப்பாங்க. மஞ்சச் சட்டைக்காரங்கள அந்த சார்ட்டர் பள்ளியே ஆதரவுக்குன்னு பஸ் வெச்சுக் கூட்டிட்டு வந்துடும். ஆனா அவங்க ஆளே ஒருத்தர் எந்திரிச்சு அவங்களத் திட்டுனாரு பாரு, அதான் என்னை அசைச்சுது!"

"யாரு மேடம் அது?"

"நீங்கதாம்ப்பா."

குனிந்து என் சட்டையைப் பார்த்தேன். மஞ்சள்.

வீட்டில் துவைத்திருந்தது அது ஒன்றுதான்.