முன்னால் நின்ற நட்சத்திரம்

பசவனகுடியில் நின்றுகொண்டே சாப்பிடும் தர்ஷினி ஹோட்டலில் அன்று காலை முன்னால் நின்ற ஆள், இருந்த மத்தூர் வடை அத்தனையையும் பொட்டலம் கட்டிக்கொண்டு போனான்.

"பாத்தியா மந்தாரா, முன்னால நிக்கறவன் எல்லாத்தையும் அள்ளிட்டா பின்னால நிக்கறவனுக்கு வெறும் தட்டுதான். நம்ம தொழிலும் இதேதானே" என்றான் ஸ்ரீபாத். மந்தாரா சிரித்தாள்.

அன்று மத்தியானமே ஒரு தண்ணீர் லாரி மோதி ஸ்ரீபாத்தைக் கொண்டுபோயிற்று.

கணவன், மனைவி இருவருக்கும் ஒரே கம்பெனி. கல்யாண மண்டபம் பதிவு செய்யும் செயலி. எந்த இணைய முகவரியைத் தட்டினால் எந்த வேலை நடக்க வேண்டும் என்று வரிவரியாக இணைப்பது ஸ்ரீபாத்தின் பொறுப்பு. கம்ப்யூட்டர் மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும்; முதலில் பொருந்துகிற வரிக்குத்தான் வேலை.

காரியமெல்லாம் முடிந்து அவள் ஆபீஸுக்கு வந்த அன்றே இன்ஸ்பெக்டர் சின்னப்பா வந்தார்.

"புரோக்கர் ஒருத்தனைப் பிடிச்சோம்மா. கல்யாண வீட்டு போன் நம்பரெல்லாம் கொட்டற ரகசிய முகவரின்னு உங்க ஆளு யாரோ அவன்கிட்ட வித்திருக்காங்க. 'பாகற்காய்'னு முடியுது."

முதலாளி நாகபூஷண் திரையைத் திருப்பினார். "நேத்துதான் சார் என் கண்ல பட்டுது. இதோ, கடைசி வரி. எழுதினது ஸ்ரீபாத். போனவனைப் பத்திப் பேசக் கூடாது, ஆனா..."

மந்தாரா பார்த்தாள். அவன் எழுதியதேதான். பாகற்காய் என்றால் அவனுக்கு உயிர். வேறு யார் அந்தப் பெயரை வைப்பார்கள்?

"கேஸ்ல அவர் பேருதாம்மா வரும்" என்றார் சின்னப்பா.

"எங்க மாமியார் தினமும் பேப்பர் படிப்பாங்க, சார்."

சொல்லிவிட்டுத் திரையையே வெறித்தாள். பாகற்காய்க்கு மேல் வரியில் ஒரு நட்சத்திரக் குறி. எந்த முகவரி வந்தாலும் 'பக்கம் இல்லை' என்று திருப்பி அனுப்பும் வரி. எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்க வேண்டியது அது.

அவளுக்கு வடை ஞாபகம் வந்தது.

"அந்த முகவரியை ஒரு தடவை தட்டிப் பாருங்களேன், சார்."

சின்னப்பா தட்டினார். பக்கம் இல்லை. மறுபடி தட்டினார். பக்கம் இல்லை.

"என்னங்க, வேலையே செய்யலையே?"

"இன்னுமா?" நாகபூஷணுக்கு முதலாளிக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் எழுதச் சொன்ன நாள்லேர்ந்து இதே பாட்டுதான். சரி பண்ணிட்டேன்னு சத்தியம் பண்ணானே, சார்."

சின்னப்பா மெதுவாகத் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "வாங்க, மீதிப் பாட்டை ஸ்டேஷன்ல கேக்கறேன்."

அந்த நட்சத்திரத்தை யாரும் நகர்த்தவில்லை. 'பாகற்காய்' என்று தட்டினால் இன்றும் 'பக்கம் இல்லை' என்றுதான் வருகிறது.