சாய்வுப் பலகை

"அந்தச் சாய்வுப் பலகையைக் கழட்டிடுங்க, ஆஸ்முண்ட்," என்றாள் மாரித்.

ஆஸ்முண்ட் இழைப்புளியைக் கீழே வைத்தார். பட்டறை ஜன்னலுக்கு வெளியே, படகுத்துறையில், பட்டறைக்கு முதுகும் கடலுக்கு முகமுமாக நின்றது அவர் செய்த பெஞ்சு.

"ஏன், என்ன குறை அதுல?"

"குறையே இல்ல. அதுதான் குறை. எங்கம்மா மத்தியானம் வந்து உட்கார்ந்தா இருட்டுற வரைக்கும் எழுந்திருக்கிறதில்ல. மழை பெஞ்சாலும் அங்கதான். அப்பா படகோட போய் பத்து வருஷம் ஆச்சு. கடல் திருப்பியா குடுக்கப் போகுது?"

ஆஸ்முண்ட் ஜன்னல் வழியே பெஞ்சைப் பார்த்தார். முதலில் அது வெறும் முரட்டுப் பெஞ்சுதான். மாரித்தின் அம்மா ஈடுன் வந்து உட்கார ஆரம்பித்த பிறகு, பனி உருகும்போதெல்லாம் அதில் எதையாவது சரிசெய்தார். தொடை மரத்துப்போகாதபடி முன்விளிம்பை உருட்டினார். அவள் பாதம் தரையில் படியும்படி பெஞ்சின் கால்களைக் கொஞ்சம் அறுத்தார். சாய்வை இன்னும் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். அவருக்குக் கிடைத்ததெல்லாம், ஜன்னல் வழியே தெரிந்த ஒரு சாம்பல் நிறக் கம்பளித் தொப்பியின் பின்புறம். அது போதும் என்றுதான் இருந்தார்.

"பெர்கன்ல என் வீட்டுக்கு வாம்மான்னு கெஞ்சுறேன். 'இங்க உட்கார சொகமா இருக்கு'ங்கறா."

"சாய்வு இல்லன்னா அவ முதுகு தாங்காதே."

"தாங்க வேணாம். வலிச்சாத்தான் எழுந்து வருவா. நீங்க இப்படி இழைச்சு இழைச்சு வைக்காம இருந்திருந்தா எப்பவோ என்னோட வந்திருப்பா."

சுருக்கென்று தைத்தது. எவனுக்காகவோ காத்திருப்பவளைப் பின்னாலிருந்து பார்ப்பதற்காக, அவளை இங்கேயே கட்டிப்போட்டுவிட்டோமோ?

"அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"நீங்களே கேளுங்களேன். 'இன்னிக்குக் காத்து ஜாஸ்தி'யத் தாண்டி நீங்க ரெண்டு பேரும் பேசி இந்த ஊர்ல யாரும் கேட்டதில்ல."

மாரித் போன பிறகு, அவர் ஸ்பானரோடு வெளியே வந்தார். மரைகள் துருவேறிப் பிடிவாதம் பிடித்தன. பலகையைத் தோளில் சுமந்து உள்ளே வைத்துவிட்டு வாசலில் நின்றார்.

ஈடுன் காபி பிளாஸ்க்கோடு வந்தாள். பெஞ்சைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"மாரித் சொன்னாளா?"

"கழட்டினது நான்தான்."

"ஏன்?"

"பொண்ணு கூப்பிடுறா, போ. தனியா இந்தக் குளிர்ல…" ஸ்பானரை மறுகைக்கு மாற்றினார். "இனிமே இதுல உட்கார சொகமா இருக்காது, ஈடுன்."

அவள் பெஞ்சின் உட்காரும் பலகையைக் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு பெஞ்சைச் சுற்றி வந்து, கடலுக்கு முதுகைக் காட்டி, பட்டறை வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"உன் இழைப்புளிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கிட்டு, எத்தனை நாள்தான் அந்தக் கடலையே பார்த்துக்கிட்டிருக்கிறது?" என்றாள். "என்னிக்காவது இந்தப் பக்கம் திரும்பி உட்காரலாம்னு பார்த்தா, நீ வருஷா வருஷம் அந்தச் சாய்வைத்தானே சொகமாக்கிட்டிருந்தே."