நேரில் சொல்பவள்

விண்ணப்பங்களை இயந்திரமே தீர்மானிக்கிறது. ஆனால் மறுப்பை மட்டும் ஒரு மனிதர் வீட்டுக்குப் போய், முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை மறுப்பு செல்லாது என்பது சட்டம். அந்த வட்டாரத்தில் இந்த வேலையைச் செய்பவள் செண்பகம். அவள் வருவது தெரிந்தால் தெருவே கதவைச் சாத்தும்.

அன்று அவள் விடுப்பு எடுத்திருந்தாள். அக்கா கோமதியின் கணவருக்கு மாற்று இதயம் கேட்டு விண்ணப்பித்திருந்தார்கள். பதில் இன்னும் வரவில்லை. இந்த வாரம் தாண்டுவது கடினம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அத்தானை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று செண்பகம் கிளம்பி வந்தாள்.

கதவு சாத்தியிருந்தது.

"அக்கா, நாந்தான். அத்தானப் பாக்க வந்தேன்."

"வீட்டுக்கு வந்தியா, வேலைக்கு வந்தியா?" என்று உள்ளிருந்து கோமதி கேட்டாள்.

"லீவு போட்டுட்டு வந்திருக்கேன்க்கா."

"பக்கத்து வீட்டுலயும் குடிக்கத் தண்ணி கேட்டுத்தானட்டீ உள்ள போன?"

அது உண்மைதான். அப்படிக் கேட்டால்தான் கதவைத் திறப்பார்கள்.

"சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாமலே போயிரு தாயி. ஒன் மொகத்தப் பாக்காத வரைக்கும் அவரு பேரு வரிசையில இருக்கும்."

உள்ளே அத்தான் மூச்சு வாங்கியபடி கேட்டார். "யாரு, செண்பகமா? உள்ள வரச் சொல்லு."

"ஒருத்தரும் இல்ல. நீங்க படுங்க."

செண்பகம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் படியிறங்கினாள்.