தொண்ணூற்றிரண்டு படிகள்

"ரெண்டே நாள் மாநாடு. பகல்ல நாலு பேரைப் பார்த்துப் பேசிட்டேன்னா, சாயங்காலம் முழுக்க உன்கூட ஊர் சுத்துறதுதான் வேலை" என்று ஆசை காட்டித்தான் என் கணவர் என்னை அழைத்து வந்தார்.

முதல் நாள் சாயங்காலம் வரவேற்பு விருந்து.

"பெரிய பெரிய ஆளுங்க வந்திருக்காங்க. இப்ப நழுவினா நல்லா இருக்குமா?"

"அப்ப நான் என்ன, ஓட்டல் ரூமுக்குக் காவல் இருக்கவா வந்தேன்?"

"கோவிச்சுக்காதே. நாளைக்குக் கண்டிப்பா கலங்கரை விளக்கம்."

மறுநாளும் அவர் அரங்கத்தைவிட்டு வெளியே வரவில்லை. போன் செய்தால், "முக்கியமானவர்கிட்ட பேசிட்டிருக்கேன்" என்று கிசுகிசுத்துவிட்டு வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானே பஸ் பிடித்துப் போனேன். தொண்ணூற்றிரண்டு படிகளையும் அவரைத் திட்டிக்கொண்டே ஏறினேன். திட்டு மிச்சமிருந்ததால், இறங்கும்போதும் திட்டினேன்.

ஊர் திரும்பும் ரயிலில், சட்டைப்பை புடைக்க விசிட்டிங் கார்டுகளோடு எதிரே உட்கார்ந்த என் கணவர், லேப்டாப்பைத் திறந்தார்.

"மேலேர்ந்து கடல் நல்லா தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"மொத்தம் எத்தனை படி?"

"இப்ப என்ன திடீர் அக்கறை?"

"சொல்லும்மா, நாளைக்குப் பத்திரிகைக்கு அனுப்பணும்."

எட்டிப் பார்த்தேன். 'கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நான்' என்று தலைப்பு போட்டிருந்தார். பக்கத்தில், மாநாட்டில் அவருக்குக் கொடுத்த கேடயம் பளபளத்தது: 'ஊர்களை நேரில் கண்டு எழுதும் சிறந்த பயணக் கட்டுரையாளர்.'

"எழுநூத்தி இருபது" என்றேன்.

மறுபேச்சில்லாமல் தட்டினார்.

"கால் வலி உயிர் போச்சுன்னும் சேர்த்துக்கோங்க."

அதையும் சேர்த்தார்.