சிக்கிய ஜிப்

ஜார்ஜ்டவுன் வெயிலில் தகரக்கூரை தகிக்கிறது. மனைவி எவ்வளவு சொல்லியும் கேட்காமல் நாளை கினபாலு மலையேறக் கிளம்பும் அப்புத்துரை, பையில் வைக்குமுன் போட்டுப் பார்த்த குளிர் கோட்டுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஜிப் நெஞ்சுக்கு நேரே சிக்கி, மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மின்விசிறி அனலை வீசுகிறது. மூக்கு நுனியில் வியர்வை சொட்டுகிறது. “கத்தரிக்கோல எடு, வெட்டித் தொலை!” என்று கத்துகிறார். “ஆடாம நில்லுங்க லா!” வள்ளிநாயகி மெழுகுவர்த்தித் துண்டை ஜிப்பின் பற்களில் அழுத்தித் தேய்த்து இழுக்கிறாள். சர்ரென்று இறங்குகிறது. அவர் கோட்டைக் கழற்றி, கட்டிலில் இறைந்து கிடக்கும் கையுறைகள்மேல் வீசுகிறார். “மேல குளிர்ல சிக்கிச்சுன்னா யாரு வந்து இழுத்து விடுவா?” என்கிறாள். அவள் அவர் முகத்தைப் பார்க்காமல் கோட்டை மடிக்கிறாள். மெழுகுத் துண்டைக் கோட்டுப் பைக்குள் திணிக்கிறாள்.