ராஜத்துரோக அட்டை

தினமும் காலை ஆறு மணிக்கு அருள்நாதன் எழுந்திருப்பான். பல் தேய்ப்பான். ராகிக் கூழ் குடிப்பான். தபால் ஆபீஸ் போர்டில் இருக்கும் இந்தி எழுத்தின் மேல் தார் பூசிவிட்டுக் காலேஜுக்குப் போவான். மத்தியானம் தபால்காரர் அதை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவார். அறுபத்தேழு டிசம்பர் முழுக்க இப்படித்தான் போயிற்று.

அன்று மட்டும் தார் டப்பாவும் ஒரு பெரிய அட்டையுமாக நேரே புஷ்பமேரி டீச்சர் வீட்டு முன்னால் போய் நின்றான். ஊரில் இந்தி சொல்லிக்கொடுக்கிற ஒரே ஆள் அவர்தான். டப்பாவைப் பார்த்ததும் டீச்சர் முகம் வெளுத்தது.

"சாமி, இப்பத்தான்டா வூட்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சேன். செவுத்துல பூசிராதடா."

"ஐயோ, அதுக்கு வரல டீச்சர். இந்த அட்டையில 'இந்தி ஒழிக'ன்னு இந்தியில எழுதிக் குடுங்க. தமிழ்ல எழுதினா டில்லிக்காரனுக்குப் புரிய மாட்டேங்குது."

ஸ்கூலில் அவரிடம் மூன்று வருஷம் இந்தி படித்தவன் அவன். மூன்று வருஷமும் பாஸ். ஆனால் ஓர் எழுத்தும் தெரியாது.

டீச்சர் தார் டப்பாவையே பார்த்தார். பிறகு அட்டையோடு டப்பாவையும் பாடப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அரை மணி கழித்து அட்டை ஈரத் தாரோடு வெளியே வந்தது.

காலேஜுக்குள் கோஷம் போட்டால் டி.சி. என்று பிரின்சிபால் நோட்டீஸ் ஒட்டியிருந்தார். அதனால் அருள்நாதன் வாயே திறக்கவில்லை. கொடிக்கம்பத்தடியில் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பின்னால் நாற்பது பேர், அவர்களும் மூச்சுவிடவில்லை.

பிரின்சிபால் அட்டையை நேராகப் பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார். போலீசுக்கு ஆள் அனுப்பினார்.

"என்ன சார் எழுதியிருக்கான்?" என்றார் இன்ஸ்பெக்டர் நஞ்சப்பன்.

"தெரியலீங்க. நமக்குத் தெரியாத மாதிரி எழுதியிருக்கான்னா மோசமாத்தான் இருக்கும்."

அருள்நாதனையும் அட்டையையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். பிரின்சிபாலும் கூடவே வந்தார். ராஜத்துரோகம் என்று கேஸ் எழுதினால் சேலம் ஜெயில். படிப்பும் அத்தோடு சரி. ரைட்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். என்ன எழுதுவதென்று அவருக்கும் தெரியவில்லை.

டீச்சரைக் கூட்டிவந்தார்கள். இன்ஸ்பெக்டர் அட்டையை அவர் முன்னால் வைத்தார்.

"இது ராஜத்துரோகமா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும், டீச்சரம்மா."

டீச்சர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தார். அருள்நாதன் கண்ணை மூடிக்கொண்டான்.

"'வாழ்க பாரதம்'னு இருக்குதுங்க."

இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று அட்டைக்கு சல்யூட் அடித்தார். ரைட்டரும் அடித்தார். பிரின்சிபாலுக்கு வேறு வழி தெரியவில்லை, அவரும் அடித்தார்.

வெளியே வந்ததும் அருள்நாதன் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்காகப் பொய் சொன்னீங்களே, டீச்சர்! 'இந்தி ஒழிக'ன்னு எழுதினத அப்படியே மாத்திப் படிச்சிட்டீங்களே!"

"நான் எங்கடா 'ஒழிக'ன்னு எழுதினேன்? பாடத்துல ஆட்டுப் படத்துக்குக் கீழ இருந்தத அப்படியே பார்த்து எழுதினேன்."

"அப்ப அதுல என்னதான் போட்டிருக்கு?"

டீச்சர் ரோட்டில் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"எனக்கு எங்கடா இந்தி தெரியும்?"